கால்மாட்டில் ஓர் இடம்

அந்த யோசனை எனக்கு முதலில் வந்தது மலாக்காவில், ஜாலான் காஜா பெராங் சாலையில், ஒரு கால் சைக்கிள் மிதியிலும் ஒரு கால் சேற்றிலுமாக நான் நின்றுகொண்டிருந்தபோது. முதல் நாள் மழையில் சாலைக்கு அடியில் போகும் குழாய் அடைத்துக்கொண்டு, தண்ணீர் குளம் கட்டி நின்றது. பொதுப்பணி ஆட்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். சாலையை வெட்டப்போகிறார்கள், இன்றைக்கு வேலைக்குத் தாமதம்தான் என்று நினைத்தேன். அவர்கள் வெட்டவில்லை. ஒல்லியான நீளப் பிரம்பு ஒன்றைக் குழாய்க்குள் விட்டார்கள். அது தட்டித் தடவி, எங்கேயோ ஓர் இடுக்கைக் கண்டுபிடித்து, சாலையின் மறுபக்கம் தலையை நீட்டியது. அதே வழியில் அதைவிடத் தடித்த பிரம்பு போனது. அதற்குப் பிறகு இன்னும் தடித்தது. அது உள்ளே போனதும் குழாய் ஓர் ஏப்பம் விட்டது பாருங்கள், தேங்கி நின்ற தண்ணீரெல்லாம் சுழித்துக்கொண்டு இறங்கிவிட்டது.

அந்த நேரத்தில் நான் நினைத்தது சாலையைப் பற்றியல்ல. ராஜா பிள்ளையின் வலது தொடையைப் பற்றி.

எக்ஸ்ரே பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் மூவருக்கும் ‘அனுபவசாலி’ ஒருவர் நாலு வார்த்தை எழுதித் தரவேண்டும் என்று மேலிடத்தில் ஆசைப்படுகிறார்கள். வழக்கமாக இதையெல்லாம் தலை நரைத்து, பென்ஷன் வாங்கிக்கொண்டு, சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து எழுதுவார்கள். எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. ஆனால் மெர்டேக்கா என்று நாடு சுதந்திரம் வாங்கிய பிறகு வெள்ளைக்காரப் பெரியவர்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறிவிட்டார்கள். பழைய ஆள் என்று இந்தப் பிரிவில் மிஞ்சியிருப்பது நானும் நசீரும்தான். நசீர் எழுதமாட்டான். அவன் எதற்கு எழுதவேண்டும்? அவனைப் பற்றித்தான் எல்லோரும் பேசிக்கொண்டிருக்கிறார்களே.

இயந்திரத்தை எப்படித் திருப்புவது, இருட்டறையில் படத்தை எப்படிக் கழுவுவது என்பதையெல்லாம் அவனிடமே கேளுங்கள். என்னைவிட நன்றாகச் சொல்வான். எனக்கு நன்றாகத் தெரிந்த பாடம் ஒன்றுதான். பொறாமை. அதைச் சொல்கிறேன்.

ராஜா பிள்ளை கம்போங் செட்டியில், தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே வாழும் செட்டிமார் குடியிருப்பில், தையற்காரர். எங்கள் வீட்டிலிருந்து நாலு சந்து தள்ளி அவர் வீடு. பெயரும் நெற்றியும் நம்மைப் போலத்தான். வாயைத் திறந்தால் மலாய். செட்டிமார் வீட்டு மலாய், அதில் அங்கங்கே நம் சொல் ஒன்று புளியோதரையில் கடலைப் பருப்பு போலக் கடிபடும். என்னைத் ‘தம்பி’ என்பார். நான் ‘மாமா’ என்பேன். அதற்கு மேல் எல்லாம் மலாய்தான். நான் போட்டிருந்த வெள்ளைச் சீருடைக் கால்சட்டை அவர் தைத்தது.

தையல் மிஷினை மிதிக்கும்போது அவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தது. பாதித் தையலில் நிறுத்துவார், காலைத் தடவுவார், ஒரு சிகரெட் பற்றவைப்பார், மறுபடி மிதிப்பார். பிறகு மிதிக்காமலே வலித்தது. பிறகு பெருவிரல் ஓரத்தில் ஒரு புண் வந்தது, ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள்.

எங்கள் சர்ஜன் யாழ்ப்பாணத்துக்காரர். சீமையில் படித்துவிட்டு வந்தவர். குரலை உயர்த்தவே மாட்டார். உயர்த்தாத குரலில் மனிதனைத் தோலுரிப்பார். ராஜா பிள்ளையின் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு எங்களிடம் விஷயத்தைப் பச்சையாகச் சொன்னார். தொடையில் ரத்தக் குழாய் அடைத்திருக்கிறது. சாயம் செலுத்திப் படம் எடுக்கவேண்டும். முழங்காலுக்குக் கீழே குழாய் திறந்திருந்தால், தொடையில் வெட்டி, குழாயைப் பிளந்து, உள்ளே கெட்டிப்பட்டதை உரித்தெடுத்துவிட்டுத் தைத்துவிடலாம். கீழே குழாயே இல்லையென்றால் மேலே திறந்து பயனில்லை. ரத்தம் போய்ச் சேர இடம் கிடையாது. புண் அழுகி ஆளைக் கொல்வதற்கு முன்னால் காலை எடுத்துவிடவேண்டியதுதான். முழங்காலுக்கு மேலே.

பிரம்பைப் பார்த்த அன்று காலை, சேறு காயாத சப்பாத்தோடு நான் அவர் அறைக்குள் ஓடினேன். மூச்சு விடாமல் சொன்னேன். குழாய்க்குள் மெல்லிய கம்பி, அதன்மேல் ஒரு குழல், அதன்மேல் இன்னும் தடித்த குழல், வெட்டே வேண்டாம்!

முழுவதும் கேட்டார். பிறகு என் சப்பாத்தைப் பார்த்தார்.

“தம்பி, ரோட்டுக் குழாய் கிழிஞ்சால் சேறுதான் வரும். இது கிழிஞ்சால் என்ன வரும்?”

சப்பாத்தை நாற்காலிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

“யோசனை நல்ல யோசனைதான். முதல்ல எனக்கு ஒரு வடிவான படம் வேணும். நசீரை வரச் சொல்லும்.”

நசீரை. அந்த அறையில் நான் நிற்கிறேன், சேறும் யோசனையுமாக. அவர் நசீரைக் கேட்கிறார்.

நசீரின் அப்பா டவுனில் துணிக்கடை வைத்திருந்தார். மூன்று தலைமுறையாக மலாக்காவில் இருக்கிற தமிழ் முஸ்லிம் குடும்பம். நானும் அவனும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பரீட்சையில் எனக்குத்தான் அதிக மார்க். ஆனால் அவன் கை இருக்கிறதே, அது நோயாளியைத் தொட்டால் நோயாளி மூச்சை இறுக்கிப் பிடிப்பதை நிறுத்திவிடுவான். நான் தொட்டால் ‘ஸ்ஸ்’ என்பான். நான் அவசரக்காரன். அவன் எடுத்த படத்தில் எலும்பின் ஓரம் பென்சிலால் கோடு போட்ட மாதிரி இருக்கும். போதாததற்கு, அந்த மாதம்தான் லண்டனில் மேற்படிப்புக்கு இருந்த ஒரே இடமும் அவனுக்கு என்று முடிவாகியிருந்தது. என் அம்மாகூட, “நசீர் தம்பிக்கு ஊறுகா போட்டுக் குடுக்கட்டுமா, அங்க குளிராமே?” என்று கேட்டார். எனக்கு வயிறு எரிந்தது. மறைக்கவில்லை. மறைக்கவும் தெரியாது எனக்கு.

இந்தப் படத்தில் உள்ள சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். இடுப்புக்குக் கீழே ஊசி குத்திச் சாயத்தைச் செலுத்தியதும் அது ரத்தத்தோடு கீழே ஓடுகிறது. அது ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் பொத்தானை அழுத்தினால்தான் குழாய் படத்தில் விழும். எப்போது அழுத்துவது? எங்களுக்குக் கற்றுக்கொடுத்த வெள்ளைக்காரத் துரைக்கு ரயில் பைத்தியம். தெற்கே போகும் ரயில் நிற்கிற ஊர்களை வாய்க்குள் நிதானமாகச் சொல்லச் சொல்வார். சாயம் உள்ளே போனதும் தம்பின். பிறகு பத்தாங் மலாக்கா. பிறகு ஆயர் கூனிங். கெமாஸ் வந்ததும் அழுத்து. அவர் கப்பலேறினார், ரயில் எங்களிடம் தங்கிவிட்டது. கெமாஸ் என்றால் கெமாஸ். நாங்கள் அதைக் கேள்வி கேட்டதே இல்லை.

நசீர் ராஜா பிள்ளைக்குக் கெமாஸில் எடுத்தான்.

என்ன படம்! தொடையின் நடுவரைக்கும் குழாய் வெள்ளை வெளேரென்று இறங்கி வந்து, யாரோ கத்தரித்த மாதிரி நின்றது. அதற்குக் கீழே எலும்பு மட்டும். முழங்காலுக்குக் கீழே ஒரு கீற்றுகூட இல்லை. சர்ஜன் வெளிச்சப் பெட்டியில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

“வடிவான படம்,” என்றார். பிறகு, “பாவம் மனுசன்.”

வியாழக்கிழமை காலையில் அந்தக் காலை எடுத்துவிடுவதென்று முடிவானது.

எல்லோரும் போன பிறகு நான் அந்தப் படத்தை மறுபடி வெளிச்சத்தில் வைத்தேன். எதற்கு என்று கேட்காதீர்கள். குற்றம் கண்டுபிடிக்கத்தான். கோணல் இருக்கிறதா, மங்கல் இருக்கிறதா, நோயாளி அசைந்திருக்கிறானா? ஒன்றுமில்லை. ஒரு கைரேகைகூட இல்லை. அவ்வளவு சுத்தமான படத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு இன்னும் எரிந்தது. அதே எரிச்சலோடு வார்டுக்குப் போனேன்.

ராஜா பிள்ளை கட்டிலில் உட்கார்ந்து வலது காலைக் கீழே தொங்கவிட்டிருந்தார். அப்படித் தொங்கவிட்டால்தான் அவருக்கு வலி குறையும். கழுத்தில் அளவு நாடா. ஆஸ்பத்திரியிலும் அதைக் கழற்றவில்லை. டிரெஸர் புண்ணுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தார். இவர் நாடாவை இடுப்பில் வைத்துத் தம் வலது காலைத் தாமே அளந்துகொண்டிருந்தார்.

“என்ன மாமா பண்றீங்க?” என்று மலாயில் கேட்டேன்.

“இருக்கும்போதே அளந்து வெச்சிக்கறேன், தம்பி. அப்புறம் மடிச்சுத் தைக்கணுமே.” சிரித்தார். “சாத்து காக்கி, ஒத்தைக் கால் சட்டை. துணி மிச்சம். நசீர் அப்பா கடையில பாதி விலைக்குக் கேப்பேன்.”

“மிஷினை எப்படி மிதிப்பீங்க?”

“அது ஒரு காலால மிதிக்கலாம்.” நாடாவைச் சுருட்டினார். சுருட்டினது அவிழ்ந்தது, மறுபடி சுருட்டினார். “கல்யாண வீட்டுக்குப் போய் நின்னுதானே அளவெடுக்கணும். ஒரு கையில கம்பு, ஒரு கையில நாடா. எந்தப் பொண்ணு நிப்பா என் முன்னாடி?”

டிரெஸர் பழைய பஞ்சை இழுத்தபோது புண்ணின் ஓரம் கசிந்தது. ரத்தம். கறுப்பாக அல்ல, பளிச்சென்று சிவப்பாக. டிரெஸர் துடைத்துவிட்டு வேலையைப் பார்த்தார். நான் நின்றுவிட்டேன்.

குனிந்து, அடுத்த விரலின் நகத்தை அழுத்திப் பிடித்தேன். வெளுத்தது. விட்டேன். வெளுத்தே இருந்தது. பிறகு, மெல்ல, மிக மெல்ல, ஓரத்திலிருந்து சிவப்பு ஏறி வந்தது.

எங்கிருந்து வருகிறது இது? படத்தில் வழியே இல்லை. வழியில்லாத ஊருக்கு யார் வந்துகொண்டிருக்கிறார்கள்?

வழி இருக்கிறது. பெரிய சாலை அடைத்துவிட்டதால் ரத்தம் சந்துபொந்தெல்லாம் சுற்றிக்கொண்டு வருகிறது. தாமதமாக வருகிறது. நாம் கெமாஸில் படம் எடுத்துவிட்டோம். நல்ல காலுக்கு அது எக்ஸ்பிரஸ் வண்டி. இவர் கால் கூட்ஸ் வண்டி. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஓரங்கட்டி நின்று வரும். வண்டி வருவதற்கு முன்னால் வெறும் தண்டவாளத்தைப் படம் பிடித்துவிட்டு, இந்த ஊருக்கு ரயிலே கிடையாது என்று சொல்லிவிட்டோம்.

இங்கேதான் தம்பிகளே, கவனியுங்கள். யோசனை வந்த சந்தோஷம் எனக்கு ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. உடனே இன்னொரு எண்ணம் வந்தது. இது மூளை சொல்கிறதா, வயிற்றெரிச்சல் சொல்கிறதா? லண்டன் போகிறவனின் படத்தைத் தப்பு என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசை என்று ஆஸ்பத்திரியின் தோட்டக்காரருக்குக்கூடத் தெரியும். சொன்னால் யார் நம்புவார்கள்? நானே நம்பலாமா? இந்தப் படத்தை நான் எடுத்திருந்தால் சந்தேகப்பட்டிருப்பேனா? மாட்டேன். கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருப்பேன். தப்பாக இருந்தாலோ, அந்த மனிதருக்கு இன்னொரு தரம் ஊசி, இன்னொரு தரம் நெருப்பு ஊற்றின மாதிரி அந்தச் சாயம். முடிவில் கால் எப்படியும் போகும்.

அங்கேயே நின்று இன்னொரு தரம் நகத்தை அழுத்தினேன். வெளுத்தது. சிவந்தது. எனக்குப் பொறாமை உண்டு. ஆனால் அந்த விரலுக்கு நசீர்மேல் என்ன பொறாமை இருக்கமுடியும்?

சர்ஜனிடம் போகவில்லை. நசீரைத் தேடிப் போனேன். ஆஸ்பத்திரி வாசலில் இருந்த கோப்பிக் கடையில் சகாக்கள் நடுவில் உட்கார்ந்திருந்தான்.

“நசீரு, அந்தப் படம் சீக்கிரம் எடுத்தது. கெமாஸ் போதாது.”

கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தான். “என்னா?”

“இன்னொரு தரம் எடுக்கணும்.”

“லண்டன் லெட்டர் வந்த நாளுலேர்ந்து நீ என் மூஞ்சிய நேரா பாத்து ஒரு வார்த்த பேசல, சந்திரா. இன்னிக்குத்தான் பேசற. பேசுன மொத வார்த்தையே என் படம் தப்புன்னு.”

பக்கத்தில் இருந்தவன் ஒருவன், “வயித்தெரிச்சல்லா,” என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

“ஆமா, வயித்தெரிச்சல்தான்,” என்றேன். சத்தம் என் காதுக்கே பெரிதாகக் கேட்டது. “ஒனக்கு எல்லாம் கெடைக்குது, எனக்கு எரியுது. போதுமா? இப்ப எந்திரிச்சு வா. வந்து அந்தாளு கால் வெரல ஒரு தரம் அழுத்திப் பாரு. பாத்துட்டு என்னை என்னா வேணாலும் சொல்லு.”

வந்தான். ராஜா பிள்ளையிடம் மட்டும் சிரித்துப் பேசி, அந்தக் கையால் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். நகத்தை அழுத்தி விட்டான். அவன் உதடு அசைவதைப் பார்த்தேன். தம்பின். பத்தாங் மலாக்கா. ஆயர் கூனிங். கெமாஸ். விரல் இன்னும் வெளுப்பாகவே இருந்தது. உதடு நிற்கவில்லை. பத்து ஆனாம். சிகாமட்.

சிவப்பு வந்தபோது அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

“மச்சான், லாபிஸ் வந்துருச்சுடா.”

இருவரும் சர்ஜன் முன்னால் நின்றோம். கேட்டுவிட்டு, “அந்த மனுசன் பட்ட நோவு காணாதெண்டு இன்னொருக்கா குத்தச் சொல்லுறீரோ?” என்றார். பிறகு, “ஆர் சொன்னது இது?”

நாங்கள் இருவரும்தான் என்று நசீர் சொல்லுவான் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் ஆத்திரப்படலாம் என்று தயாராகவும் இருந்தேன்.

“அவன்தான் சார். என் படம் தப்பு.”

எப்படி இருக்கும் எனக்கு, யோசித்துப் பாருங்கள். அந்தப் பெருந்தன்மையும் அவனுக்கே போய்விட்டது.

சர்ஜன் எங்கள் பேச்சை மட்டும் வைத்து முடிவு செய்யவில்லை. தானே வார்டுக்கு நடந்தார், தானே நகத்தை அழுத்தினார். திரும்பி வந்து ஒரே வாக்கியம் சொன்னார். “ஒரே ஒருக்கா. நசீர் மெஷினில. நீர் கால்மாட்டில நிண்டு, எப்ப எண்டு சொல்லும்.”

மெஷின் மறுபடி நசீருக்கு. எனக்குக் கால்மாடு. செருப்பு விடுகிற இடம். அதற்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போய் நின்றேன்.

சாயம் உள்ளே போனது. ராஜா பிள்ளை பல்லைக் கடித்தார், ‘அம்மா’ என்றார். அந்த ஒரு சொல் அவர் வீட்டு மலாயிலும் அதேதான். நான் தம்பினில் புறப்பட்டேன். கெமாஸ் வந்தது. அறையில் இருந்த எல்லோர் தலையும் என் பக்கம் திரும்பியது. அத்தனை வருஷம் கெமாஸில் இறங்கிப் பழகின உடம்பு, என் வாயே ‘இப்போ’ என்று சொல்லத் துடித்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். சிகாமட். 

“தம்பி,” என்றார் சர்ஜன்.

“இன்னும் இல்ல, சார்.”

“சாயம் போயிடும்.”

“இன்னும் இல்ல.”

நசீரின் விரல் பொத்தான்மேல் இருந்தது. அவன் சர்ஜனைப் பார்க்கவில்லை. என்னை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். லாபிஸ். விரலில் நிறம் வரும் இடம் இது. ஆனால் அது பக்கத்திலிருந்து வரும் ரத்தம்; சாயமோ இடுப்பிலிருந்து சந்துபொந்தெல்லாம் சுற்றிக் கெண்டைக்காலுக்கு வரவேண்டும், இன்னும் தாமதமாகும். அதையெல்லாம் கணக்குப் போட நேரமில்லை. அடுத்த ஊர் பலோ என்று நினைக்கத் தொடங்கியபோதே, “எடு!” என்று கத்திவிட்டேன். அவசரக்காரனுக்கு அவ்வளவுதான் பொறுமை. அது போதுமானதாக இருந்தது.

இருட்டறையின் சிவப்பு விளக்கில், தொட்டியிலிருந்து நசீர் படத்தைத் தூக்கினான். சர்ஜன் வெளியே காத்திருக்கவில்லை. உள்ளேயே வந்து ஈரப் படத்தை வாங்கினார். தண்ணீர் அவர் சட்டைக் கைக்குள் வழிந்தது. தொடையில் பெரிய குழாய் அறுந்து நின்றது. அதைச் சுற்றி வேர் வேராகக் கிளைகள். அந்த வேரெல்லாம் சேர்ந்து முழங்காலுக்குக் கீழே, தையல் நூல் கனத்தில், ஒரு கோடு. கோடு இரண்டாகப் பிரிந்து கணுக்காலை நோக்கிப் போனது.

“இருக்கு,” என்றார் சர்ஜன்.

வியாழக்கிழமை காலை, குறித்திருந்த அதே நேரத்தில் சர்ஜன் தொடையைத் திறந்தார். காலை எடுக்க அல்ல. குழாயைப் பிளந்து, உள்ளே கெட்டிப்பட்டிருந்ததை முழு நீளத்துக்கு உரித்தெடுத்து ஒரு கிண்ணத்தில் வைத்தார். மயக்கம் தெளிந்த பிறகு ராஜா பிள்ளை அதைப் பார்க்கவேண்டும் என்று அடம்பிடித்தார். பார்த்துவிட்டு, “பாபின்ல நூல் சிக்கின மாதிரி,” என்றார். பாதம் சூடாக இருந்தது. புண் ஆறியது.

அவர் மிஷினில் உட்கார்ந்து இரண்டு காலாலும் மிதித்து முதலில் தைத்தது என்ன தெரியுமா? லண்டன் குளிருக்கு நசீருக்கு ஒரு கோட்டு. கூலி வேண்டாம் என்றாராம். நான் ‘எடு’ என்று கத்திக் காப்பாற்றிய கால், அவனுக்குக் கோட்டுத் தைத்தது! கப்பலேற்றிவிடப் போயிருந்தேன். கோட்டு அவனுக்கு அவ்வளவு பொருத்தமாக இருந்தது.

ஆகவே என்னிடம் யாரும் ‘பொறாமைப்படாதே’ என்று சொன்னால் நான் ஏற்றுக்கொள்வதில்லை. அன்பாகப் பார்த்தவர்கள் எல்லோரும் அந்தப் படத்தைப் பார்த்து ‘வடிவு’ என்றார்கள். இரண்டாம் தரம் பார்த்தது எரிகிற கண்தான். உங்களுக்குப் பொறாமை வந்தால் அதை உட்கார வைக்காதீர்கள், வேலை கொடுங்கள். ஆனால் அது கொண்டுவந்து கொடுப்பதை அப்படியே நம்பிவிடாதீர்கள். நோயாளியின் காலில் வைத்துப் பாருங்கள். கால் ஒத்துக்கொண்டால் வாயைத் திறங்கள். அதையும் முதுகுக்குப் பின்னால் அல்ல, யார்மேல் பொறாமையோ அவன் முகத்துக்கு நேரே.

நசீர் திரும்பி வந்து இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. சில மாதங்களுக்கு முன் சர்ஜன் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். கப்பலில் வந்த மருத்துவப் பத்திரிகை ஒன்று மேஜைமேல் விரித்திருந்தது. அமெரிக்காவில் ஒரு டாக்டர், கால் அழுகத் தொடங்கிய ஒரு மூதாட்டிக்கு, கத்தியே வைக்காமல் குழாயைத் திறந்திருக்கிறார். முதலில் மெல்லிய கம்பி. அதன்மேல் ஒரு குழல். அதன்மேல் இன்னும் தடித்த குழல்.

“என் பிரம்பு!” என்றேன்.

“ஓம் தம்பி. உம்மட பிரம்புதான்,” என்றார் சர்ஜன். “நீர் சொன்னனீர். அவர் செய்தவர்.”

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. நசீரை நேருக்கு நேர் பார்த்துப் பொறாமைப்படலாம். முகம் தெரியாத ஒரு மனிதர்மேல், கடலுக்கு அந்தப் பக்கம் பார்த்துப் பொறாமைப்படுவது இருக்கிறதே, அது கடலில் காறித் துப்புகிற மாதிரி. ஜாலான் காஜா பெராங்கில் சேற்றில் நின்ற எனக்கு அது தோன்றிய காலத்தில் அவருக்குத் தோன்றியிருக்குமா? தோன்றியிருக்காது என்றே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் பத்திரிகையில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. நான் பிரம்பைப் பற்றிப் பேசிவிட்டு நிறுத்திக்கொண்டேன். எந்தக் குழல், எவ்வளவு வளையும், நுனி எப்படி இருந்தால் கிழிக்காது என்று ஒரு நாளும் உட்கார்ந்து பார்க்கவில்லை. சர்ஜன் அன்றைக்குக் கேட்ட கேள்வியை நான் அவமானமாக எடுத்துக்கொண்டேன். அது எனக்குக் கொடுத்த வேலை.

இப்போது அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறேன். ஏனென்றால் ராஜா பிள்ளைக்கு இடது கால் பிடித்துக்கொள்ள ஆரம்பித்திருக்கிறது.

சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று சர்ஜனிடம் சத்தியம் செய்தவர், நூல் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்தார். நசீரும் நானும் இடது காலைப் படமெடுத்தோம். கெமாஸில் ஒன்று, பலோவில் ஒன்று. இந்தக் காலில் முழுதாக அடைக்கவில்லை. தொடையில் ஓர் இடத்தில் மட்டும் இடுப்பு ஒடுங்கின மணற்கடிகாரம் மாதிரி சுருங்கியிருக்கிறது. சர்ஜன் அதைப் பார்த்துவிட்டு அந்தப் பத்திரிகையை மறுபடி விரித்தார். பிறகு குழல்களுக்கு எழுதிப் போட்டார்.

வந்த பிளாஸ்டிக் குழல்களின் நுனி ஒடுங்கின இடத்தில் நுழையாத அளவுக்கு மொட்டையாக இருந்தது. அதை ஆவியில் காட்டி, மெல்ல இழுத்து, ஒடுக்கவேண்டும். கேத்தல் மூக்கின் ஆவியில் நான்தான் செய்கிறேன். “தேத்தண்ணி போட விடுறியா இல்லயா?” என்று அம்மா கத்துகிறார். முதல் ஏழெட்டு நுனி பல் குத்துகிற குச்சி மாதிரி வந்தது. எறிந்துவிட்டேன். இப்போது இழுப்பது உள்ளங்கையில் தேய்த்தால் தெரியாத அளவுக்கு வழுவழுப்பாக வருகிறது. நசீர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தான். “லண்டன்ல கூட இப்படி இழுக்க மாட்டான்டா,” என்றான். அவன் குரலில் ஏதோ ஒன்று இருந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. அன்றைக்குச் சோறு நன்றாக இறங்கியது.

சர்ஜன் ராஜா பிள்ளையிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. குழல் போகாமல் நின்றுவிடலாம். கிழிக்கலாம், கிழித்தால் அப்போதே கத்தியை எடுக்கவேண்டும். துகள் ஒன்று உடைந்து கீழே போய் விரலை அடைக்கலாம். இந்த ஊரில் யாருக்கும் இதுவரை செய்ததில்லை. அவர் சொல்லச் சொல்ல நான் மலாயில் சொன்னேன். ராஜா பிள்ளை கேட்டுவிட்டு, நாடாவின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே, “கால்மாட்டுல யாரு நிப்பா?” என்றார்.

வியாழக்கிழமை காலை செய்யப்போகிறோம். குழலைத் தள்ளுவது சர்ஜன். எக்ஸ்ரே திரையில் அது போகும் வழியைப் பார்த்துச் சொல்வது நசீர். நான் கால்மாட்டில், புறங்காலில் விரலை வைத்துக்கொண்டு நிற்கவேண்டும். அங்கே இப்போது துடிப்பு இல்லை. இதைக் கேட்டதும் பழையபடி முகத்தைத் தூக்கினேன் என்பதை மறைப்பானேன். திரை அவனுக்கு, தள்ளுவது அவருக்கு, எனக்கு மறுபடியும் செருப்பு விடுகிற இடமா?

சைக்கிளில் வீட்டுக்கு வரும் வழியில்தான், அதே குழாய் ஓரத்தில், உறைத்தது. சர்ஜனுக்குக் கையில் குழல்தான் தெரியும். நசீருக்குத் திரையில் நிழல்தான் தெரியும். குழல் உள்ளே போவது பெரிதல்ல. ரத்தம் வந்ததா என்பதுதான் விஷயம். அது அந்த அறையில் ஒரே ஒரு இடத்தில்தான் தெரியும்.

நீங்கள் மூவரும் வந்து கதவோரம் நில்லுங்கள். யாரும் பேசக்கூடாது. அந்தத் துடிப்பு வந்தால் அதை முதலில் அறியப்போகிறவன் நான். வராவிட்டாலும் நான்தான், நிமிர்ந்து அதைச் சொல்லவேண்டியவனும் நான்தான். என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். பொறாமை வந்தால் படுங்கள்.